வவுச்சர் சித்தப்பா

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு கண் விழிக்கும். முதலில் ரோஜாப்பூவோடு நாலு காலை வணக்கம். அடுத்து, நாடு எப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று ஒரு வீடியோ. ஆறு மணிக்குள் சித்தப்பாவின் ஒற்றை வரி வந்துவிடும்: "வவுச்சர் இருக்கா?"

சார்நிலைக் கருவூலத்தில் முப்பத்திரண்டு வருஷம் பில் பாஸ் செய்தவர். பாஸ் செய்தவர் என்பதைவிடத் திருப்பி அனுப்பியவர் என்பது பொருத்தம். ஓய்வு பெற்று, திருப்புவதற்கு ஒரு பில்லும் இல்லாமல் கை நமநமத்துக் கிடந்தவருக்கு ஃபார்வர்டு மெசேஜ்கள் வரமாக வந்து வாய்த்தன. 2018-இல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அதைத் தன் சொந்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டு அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கி வந்தார்.

அதற்கு முன்பே அத்தை விவகாரம் ஒன்று உண்டு. 2016-இல் வந்த புது 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, மண்ணுக்குள் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று பெரியத்தை போட்டிருந்தார். சித்தப்பா பேங்க் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று ஒரு நோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, நாலு படம் எடுத்துப் போட்டார். கீழே, "சிப் காணப்படவில்லை. பில் திருப்பப்படுகிறது." அத்தை அன்று சாயங்காலமே குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அவரைத் திரும்பச் சேர்க்க ஒரு காதுகுத்து விருந்து வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கையில் ஆதாரம் இருந்தால் எதிராளி வாயடைத்துப் போவான் என்பது இந்த ரகத்தின் நம்பிக்கை. வாய் அடைக்கத்தான் செய்யும். பேச்சுவார்த்தையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

மனுஷன் மாறியது ஒரு தீபாவளியன்று. "தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்" என்று கலர் கலராக மின்னும் படமொன்றைப் பெருமையோடு போட்டார். ஒன்பதாவது படிக்கும் பேத்தி ஊஞ்சலருகே வந்து காதோடு சொன்னாள்: "தாத்தா, அது ஒரே ராத்திரியில எடுத்தது இல்ல. 1992, 1998, 2003-ன்னு வருஷத்துக்கு ஒரு கலர். எந்த வருஷம் எங்க புதுசா லைட் வந்துச்சுன்னு காட்ட சேர்த்துச் செஞ்ச படம். நாசாவே 2012-ல சொல்லிடுச்சு."

"குரூப்ல போட வேண்டியதுதானே?"

"எல்லாரும் உங்களப் பாத்து சிரிப்பாங்கல்ல?"

பாதி கடித்த முறுக்கோடு சித்தப்பா வெகுநேரம் ஊஞ்சலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு 2023 மார்ச். வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பீகாரில் வீடியோக்கள் பரவி, சித்தப்பாவின் திருப்பூர் மச்சானின் பனியன் கம்பெனியில் பசங்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், "வடக்கத்தியான் வந்து நம்ம பொழப்பக் கெடுத்துட்டான்" என்று இரண்டு வருஷமாகக் குழுவில் ஃபார்வர்டு செய்து வந்தவர் இதே மச்சான்தான். சென்னை மருமகன் அதைக் குத்திக்காட்ட, ஒரே நாளில் நூற்றெண்பது மெசேஜ். சித்தப்பா ஒரு வரி எழுதவில்லை. திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்.

"அந்த ரெண்டு வீடியோவும் பொய்யின்னு டிஜிபி சைலேந்திர பாபுவே சொல்லிட்டாருங்க மச்சான். ஒண்ணு பீகார்க்காரங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட சண்டை. இன்னொண்ணு கோயமுத்தூர்ல உள்ளூர்க்காரங்க சண்டை."

"அதத்தானுங்க நானும் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். பசங்க போன்ல வந்ததத்தான் நம்பறாங்க."

"நாமளும் அப்படித்தானுங்களே?"

மச்சான் பதில் சொல்லவில்லை. கேட்டில் 'பவர்டேபிள் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் உடனடித் தேவை' என்ற போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'உடனடி' வெயிலில் வெளுத்துப் பாதி அழிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மச்சானே பேசினார். "ஆளு வேணுமுங்க. ஆனா ராத்திரி ரோட்டுல கூட்டமா நின்னு என்னமோ பேசறாங்க. பாசை புரியறதில்லீங்க. வீட்டுல பொம்பளைங்க பயப்படறாங்க."

சித்தப்பா அதற்கு வவுச்சர் கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

இப்போது குழு ஓரளவு அமைதி. யாருக்கு எது வந்தாலும், பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் கட்டாயமாக, முதலில் சித்தப்பாவுக்குத் தனியாகத் தள்ளிவிடுகிறார்கள். அத்தைகூட அனுப்புகிறார். "ரிட்டயர் ஆன ஆளுன்னு நம்பி ஏமாந்தேன்" என்கிறாள் சித்தி. நேற்று இரவு நானும் ஒன்று அனுப்பி, உண்மையா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது.

"டோக்கன் எண் 14. நாளை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விசாரிக்கவும்."