மிடில்பேர்க் தீவில் இலேசான தொலைநோக்கி: எடை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஒல்லாந்தின் மிடில்பேர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே, தூரத்துப் பொருளை அருகிற் காட்டும் குழாயொன்றுக்கு 1608 ஒக்ரோபரில் தனியுரிமை கேட்டு, கிடையாமற் போனதும், சரியாக ஐம்பதாண்டின் பின் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டியபோது புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்ற பெயரே வாய்த்ததும் வரலாறு. ஆகவே தொலைநோக்கி பற்றித் தீர்ப்புரைக்கும் அதிகாரம் பெயர்வழி உரிமையாக இத்தீவுக்கே உரியதென்பது இவ்வாய்வின் துணிபு. டெல்ஃப்ட் எனப் பெயர்பெற்ற நெடுந்தீவார் இதை மறுப்பாராயின், அந்நகரத்து லீவன்ஹூக்கின் நுணுக்குக்காட்டியை அவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாடைக்காற்றுக் காலத்தில் புங்குடுதீவுக்கு வரும் வாணர் தாம்போதியின் இருமருங்கும் உள்ள ஆழமற்ற கடலில் இறங்கும் கரைப்பறவைகள், எட்டு மடங்கு பெருக்கும் இருகண்ணோக்கிக்குப் பெரும்பாலும் புள்ளிகளாகவே தெரிவதால், இருபது மடங்குக்கு மேல் பெருக்கி முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவையாகிறது. ஜப்பானின் கோவா நிறுவனத்து டிஎஸ்என்-501 போன்ற, 50 மில்லிமீற்றர் பொருளி (பறவையை நோக்கும் முன்வில்லை) கொண்ட கருவி ஏறத்தாழ 400 கிராம். 85 மில்லிமீற்றர்க் கருவியோ பார்வைத்துண்டோடு 2 கிலோவை நெருங்கும். வட துருவத்தை அண்டிய நிலங்களிலிருந்து தன்னை மட்டுமே சுமந்துவரும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம் என்பதால், இத்துறைக்கு நேர்மையான அலகு உள்ளானே. அவ்வலகில் முன்னது பதினாறு உள்ளான், பின்னது எண்பது.

பெரிய பொருளி மூன்று மடங்களவு ஒளியைத் திரட்டுமே எனின், திரட்டட்டும். பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். 50 மில்லிமீற்றர்க் கருவியில் இருபது மடங்கில் அது 2.5 மில்லிமீற்றர், வெயிலிற் சுருங்கிய கண்மணிக்கு அது போதும். நாற்பது மடங்கில் 1.25 ஆகக் குறைந்து காட்சி மங்குமென்பது மெய்யே. ஆயினும் பகல் ஏறி நீர்மேற் கானல் நெளியத் தொடங்கினால் எந்த விலைக் கருவியும் அந்நெளிவையே பெரிதாக்கிக் காட்டுமாதலால், அந்த நாற்பது விலைப்பட்டியலுக்கே அழகு. அந்தி மயங்கியபின் பறவை பார்ப்போருக்கு மட்டும் பெரிய கருவி தகும், அவர்கள் சுமப்பார்களாக.

உண்மையான இடர் காற்று. திறந்த தாம்போதியில் நாற்பது உள்ளான் எடையுள்ள இலேசான முக்காலி நடுங்கினால், அந்த நடுக்கமும் இருபது மடங்காகப் பெருகும். இதற்குப் பரிகாரம், பனையோலை உமலொன்றில் 3 கிலோ முருகைக்கல்லை இட்டு முக்காலியின் நடுவே கட்டித் தொங்கவிடுதல். அற்றேல் நூற்றிருபது உள்ளான் கூடிற்றே, இலேசு எங்கே எனின், சுமப்பதே எடை. நின்ற இடத்தில் எடுத்து அங்கேயே போட்டுவிட்டுச் செல்வது எடையாகாது என்க. உமல் ஒன்றே கணக்கிற் சேரும். அதுவும் திரும்பும்போது மீன் வாங்க உதவும்.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறியதும் ஸ்கோப் பயனற்றதாகி மடியிற் கிடக்கும். அலையில் ஆடும் தளத்தில் இருகண்ணோக்கியே கைகொடுக்கும். நெடுந்தீவுக்குச் செல்வோர் கற்களையும் உடன் கொண்டுபோக நினைத்தல் வேண்டா. அங்கே வளவுக்கு வளவு வேலியே முருகைக்கல்லால் அடுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து உருவாமல், தரையிற் கிடப்பதை எடுத்தல் நலம்.