இருபது டிகிரியில் ஒரு வெண்டைக்காய்

எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை கத்தியில் இரண்டே வகை. வெட்டுவது ஒன்று, வெட்டாதது ஒன்று. வெட்டாததைக் கொல்லைப்புறத்துத் துவைகல்லின் விளிம்பில் முன்னும் பின்னுமாக நாலு இழுப்பு இழுப்பாள். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் இன்னும் இரண்டு இழுப்பு. நகத்தில் பற்றினால் சமையல் தொடரும். கல்லுக்கும் கத்திக்கும் நடுவே எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பாள்.

துவைகல்லுக்கு மசியாதவற்றுக்குச் சாணைக்காரர். 70-களின் மதுரையில் எங்கள் தெருவுக்கு அவர் பள்ளி விடுமுறையில் மட்டுமே வருவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்ற நாட்களில் நான் தெருவில் இருந்ததில்லை, அதுதான் காரணமாக இருக்கும். தோளில் மரச்சட்டம், அதில் ஒரு பெரிய சக்கரம், கீழே மிதிகட்டை. "சாணை பிடிக்கிறதேய்... கத்தி, கத்திரிக்கோல், அருவாமனேய்..." என்ற குரல் தெருமுனையில் கேட்கும்போதே அம்மா அடுப்பங்கரைக்குள் ஓடி, ஆயுதங்களைத் திரட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் மிதிக்க, பெரிய சக்கரம் சுற்றும். அதிலிருந்து போகும் வார் மேலே இருக்கும் சின்னக் கல்லை விர்ரென்று சுழற்றும். குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துச் செய்த சாணைக்கல் அதற்கும் முந்திய தலைமுறையுடையது. இவரிடம் இருந்தது கார்பொரண்டம் சக்கரம். அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் 1891-இல் மின் உலையில் செயற்கை வைரம் செய்யப் போய், வைரத்துக்குப் பதிலாகக் கிடைத்த பொருள் அது. பொறி பறக்கும். பையன்கள் நாங்கள் பொறிக்குள் கையை நீட்டி, சுடவில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்வோம்.

அந்தக் காலத்துக்கு மாலை போட நான் வரவில்லை. அவர் செய்ததில் பாதி, கத்திக்குச் செய்த கொடுமை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், காய்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பார். மெல்லிய நுனியில் நீலம் ஏறும். இரும்பில் நீலம் ஏறுகிறது என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டுவிட்டது என்று பொருள். கொல்லர் பார்த்துப் பார்த்து ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிடும். கத்தி ஒரு வாரம் எல்லோரையும் மிரட்டும், அப்புறம் பழைய குருடி. எங்கள் அரிவாள்மனை வருஷா வருஷம் அவரிடம் போய் வந்து நடுவில் பிறையாகக் குழிந்துபோனது.

"ஏப்பா, கூர் வைக்கச் சொன்னா இரும்புல பாதியக் காணோமே?"

"கூரு வேணும்னா இரும்பு போகத்தான செய்யும் தாயி."

இதற்கு அம்மாவிடம் பதில் இருந்ததில்லை. கூலியில் குறைப்பாள்.

இப்போது நான் சென்னையில் ஓர் அடுக்ககத்தில் ஓய்வூதியக்காரன். மகன் டோக்கியோ போய்த் திரும்பும்போது ஒரு கத்தி வாங்கிவந்தான். கூடவே ஒரு கட்டளை: "அப்பா, இதைத் தெருவுல சாணைக்குக் குடுத்துராதீங்க." அங்கே பிடித்தது சனி. தெருவில் கொடுக்கக்கூடாது என்றால் வீட்டில் செய்ய வேண்டும். துவைகல் இல்லை, இருக்கிற கிரானைட் மேடையில் தேய்த்தால் வீட்டில் நான் இருக்க முடியாது. எனவே கோணம் தவறாமல் கூராக்கும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இறங்கினேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட எங்கள் வீட்டார் இவ்வளவு விசாரிக்கவில்லை.

வி வடிவப் பள்ளத்தில் கத்தியை இழுக்கும் மலிவான டப்பாவை முதலிலேயே தள்ளினேன். அது கூராக்குவதில்லை, சீவுகிறது. லான்ஸ்கி என்ற கருவியில் கத்தியைக் கவ்வியில் பூட்டிவிட வேண்டும். கவ்வியின் இறக்கையில் 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள். கல்லோடு சேர்ந்த கம்பியை வேண்டிய துளையில் விட்டு இழுத்தால் கோணம் அதுவாக வந்துவிடும். வொர்க் ஷார்ப்பில் துளைகளுக்குப் பதில் ஒரு திருகு, 15-இலிருந்து 30 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்து பென் டேல் வடிவமைத்த எட்ஜ் புரோவில் கவ்வியே கிடையாது. கத்தியைக் கையால் மேடையில் அழுத்திக்கொண்டு, கம்பியில் போகும் கல்லை மட்டும் நம்ப வேண்டும். ஹார்ல் என்ற ஜெர்மன் உருளையில் காந்தக் கட்டை கத்தியை 15 அல்லது 20 டிகிரியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், நாம் உருளையை உருட்டினால் போதும். சுவீடனின் டார்மெக் 1973-இல் தொடங்கிய கம்பெனி. நம் சாணைக்காரரின் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் குளிப்பாட்டி, மோட்டார் வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். நீலம் ஏற வழியே இல்லை. விலையைப் பார்த்து எனக்குத்தான் ஏறியது.

ஸ்பைடர்கோ ஒரு மாலையைத் தின்றது. அதன் பீங்கான் குச்சிகள் 30, 40 என்று இரண்டு கோணத்தில் நிற்கும். சமையல் கத்திக்கு 40-ஆ, கோடாலியா இது என்று பதறினேன். அவர்கள் கத்தியின் இரு பக்கத்தையும் கூட்டிச் சொல்கிறார்களாம். மற்றவர்கள் ஒரு பக்கத்தை மட்டும். அந்த 40-ம் இந்த 20-ம் ஒன்றே.

கடைசியில் திருகு வைத்த கவ்வி வகையில் ஒன்றை வாங்கினேன். கூடவே, பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் சின்ன மின்னணுக் கோணமானி. கல்லெல்லாம் வைரத்தூள் ஒட்டிய தகடுகள். அச்செசன் தேடியது என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

வாங்கிய பிறகு தெரிந்தது: எண்ணை விட ஆட்டம் முக்கியம். கவ்வியில் கத்தி ஒரு மயிரிழை அசைந்தாலும், கம்பி துளையில் தளர்ந்து ஆடினாலும், 17.3 என்று கோணமானி காட்டுவது வெறும் ஜோசியம். நீளக் கத்தியில் கவ்வியை விட்டு விலக விலக, கம்பி போக வேண்டிய தூரம் கூடி, கோணம் தானாகவே இறங்கும். மேடை வகையில் தடிமன் வேறான கல்லை மாற்றினால் அப்போதும் மாறும். வெட்டுவாயில் மார்க்கர் பேனாவால் மை தடவி, நாலு இழுப்புக்குப் பின் மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. மை முழுக்க ஒரே சீராக அழிந்தால் போதும், அது 18-ஆ 20-ஆ என்பது வெண்டைக்காய்க்குத் தெரியாது. நம் வீட்டுச் சாதாரணக் கத்திகள் மென்மையான எவர்சில்வர் எஃகு. தேங்காய்ச் சில்லைக் கீறிவிட்டுத் தட்டு தம்ளர்களோடு ஸிங்க்கில் எறியப்படுபவை. அவற்றுக்கு 15 வைத்தால் விளிம்பு அன்றைக்கே மடங்கும். 20 வையுங்கள். 30 எதற்கு இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று பிசிர். ஒரு பக்கம் தேய்க்கும்போது விளிம்பு மறுபக்கம் மெல்லிய கம்பியாகச் சுருண்டு எழும். அது கையில் தட்டுப்படும்வரை பக்கத்தை மாற்றக்கூடாது. கடைசியில் அதை எடுக்காமல் விட்டாலும் பயனில்லை. எடுப்பதற்குத் தோல்பட்டையும் பச்சைப் பசையும் தனியாக விற்கிறார்கள், வாங்கினேன். எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் நாற்காலிக் கையில் தொங்கிய தோல்வாரும், பனையேறிகள் பாளை அரிவாளை வெங்கச்சங்கல் தூள் போட்டுத் தேய்த்த தீட்டுமரமும் இதே வேலையைத்தான் செய்தன. பசைக்குப் பச்சை நிறம் மட்டும் புதுசு.

எங்கள் வீட்டில் அதிகம் வெட்டுவது இன்றைக்கும் அரிவாள்மனைதான். அது எந்தக் கவ்விக்குள்ளும் போகாது. வளைந்த இரும்பு, அடியில் பலகை. மனைவி அதைக் கீழே வாயிலுக்கு எடுத்துப் போகிறாள். அங்கே மொபெட்டில் சாணைச் சக்கரமும், ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலுமாக ஒருவர் வருகிறார். காவலாளி அவரை உள்ளே விடுவதில்லை. ஒருநாள் நானும் கூடப் போய், சக்கரத்துக்கு மேல் குனிந்து, "எத்தனை டிகிரிப்பா வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"முப்பது ரூவா சார். அருவாமனைன்னா நாப்பது."

இதற்குள் அடுக்ககத்தில் என் பெயர் பரவிவிட்டது. மாலை வேளைகளில் செய்தித்தாளில் சுற்றிய கத்திகள் வருகின்றன. கூலி கிடையாது, எப்போதாவது ஒரு டம்ளர் காபி. இரண்டாம் மாடி அம்மாவின் கத்திக்கு 20 வைத்து, பிசிர் எடுத்து, தோலில் தீட்டி, தொங்கவிட்ட செய்தித்தாள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிளப்பதைக் காட்டியும் அனுப்பினேன். மறுநாள் காலை விரலில் கட்டோடு வந்து நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எடுக்கவே பயமா இருக்கு. கொஞ்சம் பழையபடி மழுக்கித் தர முடியுமா?"

உட்காரச் சொல்லிவிட்டுக் கத்தியைக் கவ்வியில் பூட்டி, திருகை 30-க்குக் கொண்டுபோனேன்.