பினாங்குக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்குச் சில கறாரான விதிகள்

பினாங்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய அந்தத் தீவுக்கு எல்லாரும் சாப்பிடத்தான் போகிறார்கள். கொடிமலையும் கெக் லோக் சி புத்தர் கோயிலும் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே செரிப்பதற்கென்று ஏற்பட்டவை. இதை மனதார ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எக்செல் தாள் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கடை, அடுத்ததில் அங்கே கிடைக்கும் பண்டம், அடுத்ததில் நேரம். பண்டத்துக்கு ஒரு கட்டம் போதும். பினாங்கின் அங்காடிக் கடைக்காரர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வார். அவருடைய அப்பாவும் அதையே செய்திருப்பார். மெனு கார்டு கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நேரத்துக்கான கட்டம்தான் தகராறு. காலையில் மட்டும் திறக்கிற கடை உண்டு. இருட்டிய பிறகே சூலியா தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டி உண்டு. சரக்கு தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறவர் உண்டு. காரணமே சொல்லாமல் மூடிக் கிடப்பதும் உண்டு. அத்தனையையும் வண்ண வண்ணமாக நிரப்பி, அச்செடுத்து, கையோடு கொண்டுபோங்கள். காப்பிக்கடையில் மேசைக் கால் ஆடினால் மடித்து முட்டுக் கொடுக்கலாம்.

அந்தக் காப்பிக்கடைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. கூரையும் மேசையும் முதலாளியுடையவை. சுற்றி நிற்கும் அடுப்புகள் வேறு வேறு ஆட்களுடையவை. சாப்பாட்டை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் குடிக்க ஏதாவது முதலாளியிடம் வாங்கியாக வேண்டும். ‘தண்ணி பாட்டில் வெச்சிருக்கோம்’ என்று நம்மூர் ரயில் பயண வீரத்தைக் காட்டினால், சில கடைகளில் உட்கார்ந்ததற்கே காசு கேட்பார்கள். ‘கோப்பி’ என்றால் கட்டிப்பால் போட்டது, ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாதது, ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் சர்க்கரையும் இல்லாதது. கும்பகோணம் டிகிரி காப்பியோடு இதை ஒப்பிட்டு ஒரு சொற்பொழிவு ஆற்ற நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்; பின்னால் மேசைக்கு ஆள் காத்திருக்கிறது.

சார் குவே தியாவ் வாங்கும்போது அவசரப்படுத்தக் கூடாது. தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முட்டை, முளைப்பயறு எல்லாம் இரும்புச் சட்டியில் பெருந்தீயில் புரளும். நல்ல கைக்காரர்கள் ஒரு தட்டுக்கு ஒரு தடவை என்றுதான் கிண்டுவார்கள். நான்கு தட்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் ஆகுமே என்று யோசனை சொல்கிறவரைக் கொடிமலைக்கு அனுப்பிவிடுங்கள். பழைய முறைக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆகாதவர்கள் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தட்டு காலியான பிறகு கேட்பதால் யாருக்கும் பிரயோசனமில்லை.

அசாம் லக்சா நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளிப்பு ஏற்றி, தடித்த அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுகிறார்கள். மேலே புதினா, அன்னாசி, இஞ்சி இனத்துப் பூ ஒன்று, கூடவே ஒரு கரண்டி கறுத்த இனிப்பு இறால் விழுது. மீன்குழம்பு மண்சட்டியில் வளர்ந்த எவருக்கும் முதல் வாயிலேயே உறவு புரிந்துவிடும். அன்னாசியை மட்டும் மன்னிக்கக் கொஞ்சம் நேரமாகும்.

குழுவில் ஒரு சைவ மாமி இருந்தால் பயணம் கெட்டது என்று நினைக்காதீர்கள், மாமிக்கு இரண்டு நல்ல பருவங்கள் உண்டு. அக்டோபரை ஒட்டிச் சீனர்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு விழா எடுத்து ஒன்பது நாள் சைவம் இருப்பார்கள். அந்த நாட்களில் மஞ்சள் கொடி பறக்கும் கடைகளில் நம்பி உட்காரலாம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். மாமியை விடக் கறார். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே நாட்களில் வந்துவிடும். இன்னொன்று தைப்பூசம். வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போட்டு, வருவோர் போவோர்க்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். மற்ற மாதங்களில் வெறும் கீரைப் பொரியலை நம்பாதீர்கள். அதற்குள்ளும் பெலாச்சான் என்கிற இறால் விழுது ஒளிந்திருக்கும்.

இனி நாசி கண்டார். தீவில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட நேரமிருக்கிறது என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதற்குப் போங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு இது. கம்பு போய்க் கடை வந்தது. 1907இல் தொடங்கிய ஹமீதியா கேம்பல் தெருவில் இன்றும் நடக்கிறது. வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கோழி, ஆடு, கணவாய், மீன்தலை, வெண்டைக்காய் என்று விரலை நீட்ட வேண்டும். சாம்பார் தனி, ரசம் தனி, மோர் தனி என்று வரிசைக்கிரமமாக வளர்க்கப்பட்டவர்களுக்கு அடுத்த காட்சி அதிர்ச்சியாக இருக்கும். பரிமாறுகிறவர் ஆட்டுக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழியில் ஒன்று, பருப்பில் ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றுவார். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் வெள்ளமாகவே ஊற்றுவார். சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அது சாதாரணச் சோறும் குழம்பும்தான். அந்தக் கலவையில்தான் விஷயமே இருக்கிறது.

காசு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பல கடைகளில் விலைப்பலகை கண்ணில் படாது. கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்த்துக் கணக்குச் சொல்லிவிடுவார். பெரிய இறாலை நோக்கி விரல் நீள்வதற்கு முன் வாய் திறந்து விலை கேட்டுவிடுங்கள். மலாய் மொழிக் கையேட்டைத் தேட வேண்டாம், தமிழிலேயே கேட்கலாம். ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்து ஆட்களாக இருந்தால் ஊர்க்கதையும் கிடைக்கும். பேரம் கிடைக்காது.

டுரியானுக்கு ஜூன், ஜூலையில் பாலேக் பூலாவ் பக்கம் போங்கள். சூட்டுப் பழம் என்று சொல்லி, கூடவே மங்குஸ்தானையும் தின்னச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், இரண்டு பழம் சாப்பிட இதைவிட நல்ல சாக்கு கிடையாது. ஆனால் மிச்சத்தை அறைக்கு எடுத்துப்போய் இரவு சாப்பிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். பல ஓட்டல்களின் வாசலிலேயே டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு மாட்டியிருப்பார்கள், மீறினால் அபராதம். வாங்கிய இடத்திலேயே, நின்றுகொண்டே, தின்று முடித்துவிடுங்கள்.