நூறு கணவாய் கண்ட முசியே

பிரான்சின் தென்கிழக்கே, த்ரோம், அர்தேஷ் மாவட்டங்களின் மலைச்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்காரர்களுக்குப் பஞ்சமே இராது. முதலில் வருகிறவர்கள் இளவட்டங்கள். கார்பன் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை; மேட்டிலும் அரட்டை அடித்துக்கொண்டே போய்விடுவார்கள். போகட்டும். அவர்கள் போய் அரைமணி கழித்து, யாருக்கும் ஜவாப் சொல்ல வேண்டாத வேகத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு வருவார் பாருங்கள், அந்த முசியேயைப் (நம் ஊர் 'ஐயா'தான்) பற்றித்தான் பேச்சு.

வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. எஃகு சைக்கிள், இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு, ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு துணிப்பை. பையின் மேல்மூடியில் கண்ணாடித்தாள், அதற்குள் மடித்து வைத்த மேப். பெடல் பக்கம் பல்சக்கரம் மூன்று. சட்டை ஒரு காலத்தில் ஏதோ நிறமாக இருந்த கிளப் சட்டை. கால்சட்டை ஓரத்துக்கு மேலே தொடை வெள்ளை, கீழே வெண்கலம், நடுவில் பிசகாத கோடு. ரிடையர் ஆவதற்கு முன் என்ன உத்தியோகம் என்று கேட்க வேண்டியதில்லை. பூகோள வாத்தியார், போஸ்ட்மாஸ்டர், வரி ஆபீஸ் குமாஸ்தா, இவற்றில் ஒன்று. பதிவேடு இல்லாத உத்தியோகத்திலிருந்து இந்த ரகம் உற்பத்தியாவதில்லை.

இவர் சேகரிப்பது மலைக் கணவாய்கள். 1972-ல் ழான் பெர்தூ என்பவர் 'நூறு கணவாய்க் கழகம்' என்று ஒன்றை ஆரம்பித்துவைத்தார். அதில் சேர வெவ்வேறான நூறு கணவாய்களைச் சைக்கிளோடு கடந்திருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது ஐந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த சந்தோஷத்துக்காக ஏறியிருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. கோப்பை கிடையாது, ஸ்டாப் வாட்ச் கிடையாது. ஆனால் யார் யாருக்கு எத்தனை என்று வருஷா வருஷம் பட்டியல் வெளியாகும். நம்மவர் அந்தப் பட்டியலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தமக்கு மேலே இருப்பவரிடம் பதினொரு கணவாய் அதிகம் என்பதும், அந்த மனுஷருக்குப் போன குளிர்காலத்தில் முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று என்பதும் இவருக்கு எப்படித் தெரிந்தது? "யாரோ சொன்னார்கள்."

கணக்கெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. நம் கல்யாண வீட்டு மொய் நோட்டேதான்: பேர், ஊர், தொகை. தொகை இருக்கும் இடத்தில் மீட்டர்.

எது கணவாய் என்பதில் இவரிடம் தாட்சண்யம் பார்க்க முடியாது. மேப்பில் கணவாய் என்று பேர் போட்டிருந்தால் கணவாய். இல்லாவிட்டால் வெறும் மேடு. முட்டைக்கோஸ் வயலுக்கு நடுவே கால் ஊன்றாமல் தாண்டக்கூடிய மேட்டுக்குப் பேர் இருந்தால் அதற்கு ஒரு வரி உண்டு. தார்ச்சாலை இல்லாத ஆட்டுத்தடமா? சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார். அதையும் கழகம் ஒப்புக்கொள்கிறது. ஆட்டுக்காரன் ஒப்புக்கொள்வதில்லை, சக்கரம் வைத்த சாமானை ஒருவர் சுமந்துகொண்டு போவதை வாயைப் பிளந்து பார்க்கிறான்.

தெற்கு ஆல்ப்ஸில் பொனெத் கணவாய் 2,715 மீட்டர். வடக்கே இஸெரான் கணவாய் 2,764 மீட்டர். 1937-ல் குடியரசுத் தலைவரே வந்து திறந்துவைத்தது. கொஞ்சம் குறைந்துபோனதைப் பொறுக்காமல், பொனெத்தில் கணவாய்க்கு மேலே இருக்கும் சிகரத்தைச் சுற்றி ஒரு சாலையைப் போட்டு, 2,802 மீட்டருக்கு ஏற்றிவிட்டார்கள். ஏறி, சுற்றி, கிளம்பின இடத்துக்கே இறங்குகிற சாலை. தேசதேசத்துச் சைக்கிள்காரர்கள் அதில் நாக்குத் தள்ள ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நம்மவர் 2,715-லேயே நோட்டை மூடிவிடுவார். "மேலே இருப்பது கணவாய் இல்லை முசியே, வீம்பு."

வான்தூ மலையில் இவர் செய்வது அதைவிட அநியாயம். 1,909 மீட்டர் உயரம். பெதுவான் கிராமத்திலிருந்து 21 கிலோமீட்டர் ஏற்றம். கடைசிப் பகுதி முழுக்க மரமில்லாத வெள்ளைக் கல். 1967 ஜூலையில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் இந்த ஏற்றத்தில் விழுந்து உயிரை விட்டார். அந்த இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. சைக்கிள்காரர்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போவார்கள். நம்மவரும் நின்று தொப்பியைக் கழற்றுகிறார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுபடி ஏறுகிறார். உச்சிக்குச் சற்றுக் கீழே 'புயல் கணவாய்' என்று ஓர் இடம். அங்கே நிறுத்தி, பென்சிலை நாக்கில் தொட்டு, வரியை எழுதி, சைக்கிளைத் திருப்பிவிடுகிறார்! உச்சி கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. பின்னால் வந்த பெல்ஜியக்காரர் ஒருவர் பதறிப்போய், "இன்னும் கொஞ்சம்தான், விட்டுவிடாதீர்கள்!" என்று தைரியம் சொல்கிறார். "அங்கே என்ன இருக்கிறது முசியே? மிட்டாய்க் கடை."

ஆனால் இவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆல்ப் துவேஸ் என்ற மலையூரின் பேரைக் கேட்டால் பந்தய ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏறும் சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர் பேர் எழுதிய பலகை. முதல் வெற்றி 1952-ல் இத்தாலியின் ஃபௌஸ்தோ கோப்பிக்கு. நம்மவர் அந்த வளைவுகளை எண்ணக்கூட இல்லை. அவர் போனது ஊருக்குப் பின்னால் இருக்கும் சாரென் கணவாய்க்கு. கழகத்தில் சேரப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்துக்கு மேல் நான்கு கையில் இருந்தது, ஐந்தாவது வேண்டும். மேப்பைக் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டுக் கிளம்பினார். மேலே போய்ப் பலகையைப் பார்த்தால் 1,999 மீட்டர். ஒரு மீட்டர் குறைவு. "சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சைக்கிளாவது இரண்டாயிரத்தைத் தாண்டியது" என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

ஒரு கணவாய்க்கு ஒரு வரிதான் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய அவஸ்தை. ஏறி இறங்கியாயிற்று என்றால் அந்த மலை தீர்ந்தது. வீட்டைச் சுற்றியுள்ள கணவாய்களெல்லாம் முதல் சில வருஷங்களிலேயே தீர்ந்துபோய்விட்டன. வாசலில் தேன்போல ஒரு மலைச்சாலை கிடக்க, விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் போகிறார். பேத்தி பாரிஸில் இருக்கிறாள். பாரிஸ் பக்கம் தட்டை நிலம். பேத்தியைப் பார்க்க மனைவி, அதாவது மதாம், தனியாக ரயிலில் போகிறார்.

மற்றபடி காரை ஓட்டுவது மதாம்தான். இவரை ஒரு பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு, அடுத்த பள்ளத்தாக்கில் காத்திருப்பார். இப்படிக் காத்திருந்தே அந்த அம்மாளுக்கு ஊர் ஊராகச் சிநேகிதம். எந்தச் சந்தையில் ஆட்டுப்பால் சீஸ் நன்றாயிருக்கும், எந்தக் கிராமத்தில் மேயர் தேர்தலில் அண்ணன் தம்பி சண்டை, எல்லாம் அத்துப்படி. புயி-லெ-பரோனி என்ற ஊர் லிண்டன் பூவுக்குப் பேர்போனது. உலர்த்தி, தூங்கப் போகுமுன் கஷாயம் வைத்துக் குடிக்கிற பூ. பூப்பறிக்கும் பருவத்தில் ஊரே மணக்கும். "அந்த வாசனை ஞாபகமிருக்கிறதா?" என்று மதாம் கேட்டால், முசியே நோட்டைப் புரட்டி, "தே கணவாய், 718 மீட்டர்" என்கிறார்.

கிராமங்களில் இவர் அறிந்தது தண்ணீரும் ரொட்டியும் கிடைக்கும் இடங்களை. பன்னிரண்டு மணிக்கு மூடுகிற கடை இரண்டு மணி வரை திறக்காது. திங்கட்கிழமையாக இருந்தால் ரொட்டிக்கடையை மறந்துவிட வேண்டியதுதான். பாட்டில் காலியாகிவிட்டால், நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். பிரெஞ்சுச் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. குடிக்கக்கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பி, முகம் கழுவி, பக்கத்துக் கல்லில் பிறந்த வருஷத்தை இறந்த வருஷத்திலிருந்து கழித்துப் பார்ப்பார். எழுபத்தொன்று. "பாவம், சின்ன வயசு" என்று ஈரக்கையால் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு வருஷத்துக்கு முப்பது கணவாய் வீதம் தமக்கு இன்னும் எத்தனை வரும் என்று ஒரு மனக்கணக்கு.

இளவட்டங்கள் இவருடைய மூன்று பல்சக்கரங்களைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. "பெரியவரே, இதை மியூசியத்தில் கேட்கவில்லையா?" என்றால் போதும், பிடித்துக்கொள்வார். சேந்த்-எத்தியேன் நகரத்து பால் தெ விவி, வெலோசியோ என்ற பேரில் எழுதியவர், மலை ஏறக் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். டூர் தெ பிரான்ஸை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜ் என்பவரோ, நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குத்தான் அது தேவை என்று கேலி செய்தார். டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. "அதுவரை சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார்களடா பையா! வெலோசியோ நினைவுச்சின்னம் எங்கே இருக்கிறது தெரியுமா? ரெப்யூப்ளிக் கணவாயில். 1,161 மீட்டர். என் நோட்டில் மூன்றாவது." பையன் எப்போதோ போய்விட்டிருப்பான்.

நீங்கள் அந்தப் பக்கம் காரில் போக நேர்ந்தால், இவரைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள். ஊருக்கு வெளியே சட்டமே அதுதான். ஹாரன் அடிக்காதீர்கள். மேலே நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தால் தாராளமாக 'போன்ழூர்' சொல்லுங்கள். எத்தனை கணவாய் ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதலாவதிலிருந்து ஆரம்பிப்பார், சாயங்கால விமானம் உங்களுக்குக் கிடைக்காது.