காளான் சார்

மழை விட்டதும் நீலகிரிப் பக்கம் எந்த இயற்கை நடைக்குப் போனாலும் கூட்டத்தில் ஒரு காளான் சார் இருப்பார். பறவை பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து நடப்பார்கள். இவர் குனிந்தே வருவார், அதனால் கடைசியில்தான் வருவார். கழுத்தில் லென்ஸ், சட்டைப் பையில் பழைய டூத் பிரஷ். பிரஷ் மண் தட்டுவதற்கு.

பெயர் சொல்வதில் தயக்கமே கிடையாது. "அகாரிகஸ்" என்பார். பக்கத்தில் ஒரு பையன் செல்போனில் படம் பிடித்து வேறு பெயரைக் காட்டினால், "அதுவும் இதுக்குப் பங்காளிதான் தம்பி" என்று நகர்ந்துவிடுவார். ஷைசோபில்லம் மட்டும் அவருக்குத் தப்பாது. பட்ட கட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளை விசிறி அது. திருப்பினால் அடிமடிப்பு ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்திருக்கும். லென்ஸைக் கொடுத்து எல்லாரையும் பார்க்கவைப்பார். பார்க்காமல் யாரும் அந்த இடத்தைக் கடக்க முடியாது.

பைன் தோப்பில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமனிடா மஸ்காரியா கண்ணில் பட்டால் அரை மணி நேரம் போச்சு. குளிர்நாட்டுக் காளான், பைன் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துப் பிழைப்பது, வெளிநாட்டு மரம் வந்த இடத்துக்கு இதுவும் வந்துவிட்டது என்று விளக்குவார். அத்தனையும் கேட்டுவிட்டு நம் ஜனம் ஒரே கேள்விதான் கேட்கும்: "சாப்பிடலாமா சார்?"

இதைக் கேட்டதும் அவர் குரலே மாறிவிடும். "சாப்பிடுறவங்க இருக்காங்க" என்பார். இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டால் பதில் வராது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்று ஒரு அம்மா ஆரம்பிப்பார். இங்கே காளான் சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி: இரண்டுமே சுத்தப் பொய். ஆளைக் கொல்லும் காளானை நத்தை சாவகாசமாகத் தின்னும். அமனிடா குடும்பத்தில் கொடியவற்றின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது. ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். பிறகு நின்றுவிடும். பிழைத்தோம் என்று நினைக்கும்போது ஈரல் போயிருக்கும். இதையெல்லாம் சரியாகச் சோற்று மூட்டையைப் பிரிக்கிற நேரத்தில் சொல்வார்.

காட்டில் எதையும் பிடுங்கக் கூடாது, வனக்காவலர் விடமாட்டார். ஆகவே தங்கும் விடுதிப் புல்வெளியில் முளைத்த பெரிய வெள்ளைக் குடையைத்தான் அறைக்கு எடுத்து வருவார். காம்பை நறுக்கிவிட்டு, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான காகிதத்தில் கவிழ்த்து, டம்ளரால் மூடிவைப்பார். விடியும்போது மடிப்புகளிலிருந்து வித்துத்தூள் உதிர்ந்து கோலம் போட்டிருக்க வேண்டும். பச்சையாக விழுந்தால் அது வயிற்றைப் புரட்டும் குளோரோபில்லம். முக்கால்வாசி நேரம் இந்த ஆராய்ச்சி முடிவதில்லை. காலையில் ரூம் பையன் டம்ளரைக் கழுவிக் காகிதத்தைக் குப்பையில் போட்டிருப்பான்.

இரவு ஓட்டலில் மெனுவைப் புரட்டி மஷ்ரூம் மசாலாவில் விரல் வைப்பார். "தம்பி, பாக்கெட்ல வர்ற பட்டன் மஷ்ரூம்தானே? இங்க எங்கயும் பறிச்சது இல்லையே?" என்று சர்வரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் ஆர்டர் கொடுப்பார். அவர் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர் என்று நான் ஒப்புக்கொள்வது அந்த ஒரு இடத்தில்தான்.