புரிந்தவர்கள் கை தூக்கவும்

தூய கணிதத் துறையில் நடக்கும் ஒரு மணி நேர செமினாருக்கு எழுதப்படாத நேரப் பங்கீடு ஒன்று உண்டு. முதல் கால் மணி எல்லோருக்கும். அடுத்த கால் மணி அந்தப் பிரிவின் வல்லுநர்களுக்கு. மூன்றாவது கால் மணி பேசுகிறவருக்கும் அவருடைய ஆய்வு வழிகாட்டிக்கும். கடைசிக் கால் மணி யாருக்கும் இல்லை; பேசுகிறவரே தான் எழுதியதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார். கணிதக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை. நல்ல உரைக்கு இலக்கணமே இதுதான் என்பார்கள். மோசமான உரை நேராகக் கடைசிக் கால் மணியில் தொடங்கும்.

ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை. கச்சேரியில் தாளம் தெரியாதவர் பக்கத்து இருக்கைக்காரரின் தொடையைப் பார்த்துத் தட்டுவது போல, முன்வரிசைப் பேராசிரியரின் தலை ஆடினால் பின்வரிசையும் ஆடும். முன்வரிசைத் தலை தூக்கத்தில் ஆடியிருக்கலாம் என்பது வேறு விஷயம். எம்.ஐ.டி.யின் நார்பர்ட் வீனர் செமினார்களில் தூங்குவதற்குப் பேர்போனவர். முடிந்ததும் விழித்து, விஷயத்தின் அடிமடியில் கை வைக்கும் கேள்வி ஒன்றைக் கேட்பாராம். விழித்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

வீனர் அல்லாதவர்களுக்கென்று புரியாமலே கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. ‘இதன் மறுதலையும் உண்மையா?’ ‘அந்த நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும்?’ ‘இரண்டு பரிமாணத்தில் இது ஏற்கெனவே தெரிந்ததுதானே?’ எந்தத் தேற்றத்துக்கும் இவை பொருந்தும். கேட்ட மாணவருக்குப் புத்திசாலிப் பட்டம் கிடைக்கும். பேசியவருக்கு ‘அருமையான கேள்வி’ என்று சொல்லிக்கொண்டே யோசிக்க நேரம் கிடைக்கும். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சரி, இப்படிப்பட்ட அவையின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

1978 ஜூன் மாதம், பிரான்சின் மார்சேய் நகரை அடுத்த லுமினியில் எண் கோட்பாட்டு மாநாடு. கான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜே அபெரி எழுந்தார். வயது 61. ஒன்று, எட்டில் ஒன்று, இருபத்தேழில் ஒன்று என்று முப்படிகளின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் எண் விகிதமுறா எண்தான் என்று தான் நிறுவிவிட்டதாகச் சொன்னார். ஆய்லர் காலத்திலிருந்து யாருக்கும் பிடிகொடுக்காத எண் அது. அபெரி பலகையில் எழுதிய சமன்பாடு ஒவ்வொன்றும் முந்தையதைவிட நம்ப முடியாததாக இருந்தது. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டதற்கு, தன் தோட்டத்தில் விளைவதாகச் சொன்னாராம். அரங்கில் ஒரே சிரிப்பு. மனிதர் விளையாடுகிறார் என்றே பலரும் முடிவு கட்டினார்கள். ஆன்றி கோஹன், ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா, ஆல்ஃப்ரெட் வான் டெர் பூர்ட்டன் போன்ற சிலர் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஹெல்சின்கியில் கூடிய உலகக் கணித மாநாட்டில் கோஹன் முழு நிரூபணத்தையும் எடுத்துச் சொன்னார். தோட்டத்து விளைச்சல் அசல்தான்.

1993 ஜூன், கேம்பிரிட்ஜில் ஐசக் நியூட்டன் நிறுவனம். ஆண்ட்ரூ வைல்ஸ் மூன்று உரைகள் நிகழ்த்தினார். தலைப்பில் ஃபெர்மாவின் பெயரே இல்லை, ஆனால் அவருடைய புகழ்பெற்ற தேற்றத்தை வைல்ஸ் நிறுவப்போகிறார் என்ற வதந்தி பரவிக் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. மூன்றாவது உரையின் முடிவில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பலகையில் எழுதி, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். கைதட்டல் அடங்கவில்லை, பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் அந்த நிரூபணத்தில் ஓட்டை தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில்தான் அதை அடைக்க முடிந்தது.

ஆக, சரியான நிரூபணத்துக்குச் சிரிப்பு, ஓட்டையுள்ள நிரூபணத்துக்குக் கைதட்டல். இரண்டு அரங்கிலும் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர்.

கடைசி வரிவரை அனைவருக்கும் புரிந்த உரை ஒன்றே ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் நிகழ்த்தியது. இரண்டை 67 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்து, பலகையின் ஒரு பக்கம் எழுதினார். மறுபக்கம் 193,707,721 என்ற எண்ணை 761,838,257,287 என்ற எண்ணால் கையாலேயே பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். அவை எழுந்து ஆரவாரித்தது. அந்த எண் பகா எண் அல்ல என்று லூக்கா என்ற கணிதக்காரர் 1876-லேயே காட்டியிருந்தார், காரணிகள்தான் கிடைக்காமல் இருந்தன. அவற்றைத் தேட மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனதாகக் கோல் பின்னர் சொன்னாராம். இதைப் பிரபலப்படுத்திய எரிக் டெம்பிள் பெல் எதற்கும் கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்துச் சொல்கிறவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருக்கல் மட்டும் சரி. சந்தேகப்படுகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

தலையாட்டும் கலைக்குப் பரம எதிரி ஒருவர் மாஸ்கோவில் இருந்தார். இஸ்ராயேல் கெல்ஃபான்ட். உயர்நிலைப் பள்ளியையே முடிக்காமல், 19 வயதில் கணித மேதை கோல்மகோரவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1943-இல் அவர் தொடங்கிய செமினார் திங்கட்கிழமை மாலைகளில் நடந்தது. பேசுகிறவர் நாலு வரி சொல்வதற்குள் குறுக்கே புகுந்துவிடுவார். அவையில் யாராவது ஒரு மாணவரைக் கை காட்டி, ‘உனக்குப் புரிந்ததா? அப்படியானால் நீ சொல்’ என்பார். தலையாட்டியவன் செத்தான். சொல்லத் தெரியாவிட்டால் குற்றம் பேசுகிறவர் தலையில் விழும். நன்றாகச் சொல்லிவிட்டாலோ, இவனே சொல்லியிருக்கலாமே, நீங்கள் எதற்கு என்று அப்போதும் அவர் தலையில்தான் விழும். நடுநடுவே நகைச்சுவைத் துணுக்குகள் வேறு. சிரிப்பதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியாமல் பலர் நெளிந்திருக்கிறார்கள். சிலர் மனம் புண்பட்டும் போனார்கள். அதை நகைச்சுவை என்று தள்ளிவிட முடியாது. கடிகாரத்துக்கும் அங்கே மரியாதை இல்லை. உரை பாதியில் நிற்கும், வேறொன்று தொடங்கும், கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண்கள் வந்து விரட்டினால்தான் கூட்டம் கலையும்.

அடுத்த திங்கட்கிழமையும் அதே ஆட்கள் நேரத்தோடு வந்து நின்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. கெல்ஃபான்ட் மட்டும் தாமதமாகத்தான் வருவார். அதுவரை தாழ்வாரத்தில் நின்று ஆளாளுக்குத் தங்கள் கணக்கைப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி விஷயம் அங்கேதான் புரிந்தது என்று வந்து போனவர்கள் சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள்.