கண்ணைக் கேட்டா கம்பு குடுக்குத சாமி

வா மருமவனே, வா. நெத்தியில திருநீறு, அதுக்கு மேல சந்தனம், நடுவுல குங்குமம். கையில கறுப்பு, செவப்பு, மஞ்சள்னு மூணு கயிறு. அவுத்து முடிஞ்சா ஒரு கன்னுக்குட்டியக் கட்டிப் போட்டிரலாம் போலுக்கே! கழுத்துல கெடக்கது தாயத்தா? சரி, உக்காரு. ஒங்க அத்தை காப்பி போடுதா.

கஷ்டம் வந்தா மனுசன் சாமியத் தேடத்தான் செய்வான். அதை நான் குத்தஞ் சொல்லல. ஆனா நீ தேடுத தேட்டம் இருக்கே, கரண்டு போனதும் லைன்மேனைத் தேடுத மாதிரியில்லா இருக்கு. கரண்டு இருந்த நாள்ல அந்த மனுசன் பேரு என்னன்னு கேட்டிருப்பியா? ஏத்தந்தாரு நல்ல வெலைக்குப் போன வருசம், திருச்செந்தூரு இந்தா கெடக்கு, கூப்பிடு தூரம். நீ போனது ஊட்டிக்கு. போட்டா புடிச்சு எல்லாருக்கும் அனுப்புன. இப்போ அதே போன்ல, இந்தப் படத்தைப் பதினோரு பேருக்கு அனுப்புனா நல்ல சேதி வரும்னு எனக்கு அனுப்புத. எனக்கு வந்தது ஒன் படம் மட்டுந்தான். நல்ல சேதி இன்னும் வரல.

வெள்ளி வேல் வேற நேந்திருக்கியாமே? கடன் அடைஞ்சா முருகனுக்கு வெள்ளியில வேல் செஞ்சு வைப்பியோ! சொசைட்டிக்காரனுக்கு வட்டி கட்ட வழியில்ல, சாமிக்கு வெள்ளி. அவருகிட்ட வேல் இல்லன்னு ஒங்கிட்ட யாருடே சொன்னது?

ஏழரைச் சனிதான் வெள்ளமா வந்து வாழையத் தூக்கிட்டுப் போச்சுன்னு அந்த ஜோசியக்காரன் சொன்னான்னு மூக்கைச் சிந்துனியே, ஒரு கணக்குப் போடு. ராசி பன்னெண்டு. எந்நேரமும் மூணு ராசிக்கு ஏழரை நடக்கும். அஷ்டமச் சனி ஒண்ணு, அர்த்தாஷ்டமச் சனி ஒண்ணு, கண்டகச் சனி ஒண்ணு. கூட்டிப் பாரு, ஆறு ராசி வருது. எந்த நாள்ல போயிக் கேட்டாலும் ஊர்ல பாதிப்பேருக்குச் சனிதான். அந்த ஏவாரத்துல நட்டமே கெடையாது மருமவனே, நீ வாழைக்குப் பதிலா அதைப் போட்டிருக்கலாம். இன்னொண்ணு கேளு. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20. மழை பேஞ்சது 17, 18. சனீஸ்வரன் பெட்டி கட்டி வண்டி ஏறுததுக்கு முந்தியே ஒன் தோட்டம் முங்கிட்டு. அவரு தலையில ஏன் பழியப் போடுத?

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்கிட்டப் பேஞ்சுது. தூத்துக்குடிப் பக்கம் வருசம் முச்சூடும் சேத்தாலும் அம்புட்டு வராது. அதுல மேச ராசித் தோட்டம் தப்பிச்சு, மகர ராசித் தோட்டம் முங்குச்சுன்னு இருந்தாச் சொல்லு, நானே திருநள்ளாறு வாரேன்.

அந்த மழையில நடந்ததைச் சொல்லுதேன். செந்தூர் எக்ஸ்பிரசு ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சுலா? தண்டவாளத்துக்கு அடியில இருந்த சல்லியும் மண்ணும் அரிச்சிட்டுப் போயி, கம்பி மட்டும் அந்தரத்துல தொங்குது. வண்டியில எண்ணூறு பேரு. முருகனைக் கும்பிட்டுட்டு ஊரு திரும்புத கூட்டம் அதுல நெறைய. கும்பிட்டுட்டு வந்தவனுக்கே இந்தக் கதின்னு அங்க ஒருத்தராவது நெனச்சிருப்பாகல்லா? நெனச்சிருப்பாக. நான் இருந்தா சத்தமாவே சொல்லியிருப்பேன். அப்போ வேலும் வரல, மயிலும் வரல. பக்கத்துப் புதுக்குடிக்காரங்கதான் வந்தாங்க. அவங்க ஊரைச் சுத்தியும் தண்ணி. இருந்த அரிசியப் போட்டுப் பொங்கி, யாரு எவருன்னு கேக்காமச் சோறு போட்டாங்க. ஹெலிகாப்டர்ல இருந்து பொட்டலம் விழுந்ததெல்லாம் பொறவுதான்.

முருகன் அங்க வந்தாரா இல்லையா, நீயே சொல்லு. ஒன் ஜோசியக்காரன்கிட்ட வேணா கேட்டுட்டு வா.

காப்பியக் குடி, ஆறிப் போகுது. சுந்தரமூர்த்தி நாயனார் கதை ஒனக்குத் தெரியுமா? தெரியாது. தெரிஞ்சா மூணு கயிறு கட்டியிருக்க மாட்ட. சேக்கிழாரு பெரிய புராணத்துல எழுதி வச்சிருக்காரு. சாமிக்கே கூட்டாளி, தம்பிரான் தோழர்னு பேரு வாங்குன ஆளு. திருவாரூர்ல பரவையாரு வீட்டுல காத்திருக்க, இவரு திருவொற்றியூர் போன எடத்துல சங்கிலியாரைப் பாத்து ஆசைப்பட்டுட்டாரு. கட்டிக்கிடணும்னா, ஒன்னை விட்டுப் பிரியமாட்டேன்னு சத்தியம் பண்ணணும். இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? சாமிகிட்ட ரகசியமாப் போயி, நான் சந்நிதியில சத்தியம் பண்ணுத நேரத்துக்கு நீரு கொஞ்சம் வெளிய மகிழ மரத்தடியில போயி இரும்னு கேட்டாரு. ஆளில்லாத சந்நிதியில பண்ணுன சத்தியம் செல்லாதுல்லா! சாமியும் சரின்னு தலையாட்டிட்டு, ராத்திரியே சங்கிலியார் கனவுல போயி, சத்தியத்தை மகிழ மரத்தடியில கேளுன்னுட்டாரு. ரெண்டு பக்கமும் பேசுத தரகு நம்ம மாட்டுச் சந்தையில மட்டும்னா நெனச்ச? இன்னைக்கும் ஒற்றியூர் மாசித் திருவிழாவுல மகிழடி சேவைன்னு இதை நடத்திக் காட்டுதாக.

பொறவு திருவாரூர் வசந்த விழா நெனப்பு வந்துட்டு. சத்தியத்தை மறந்து எல்லையத் தாண்டுனாரு. ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு.

இங்கதான் நீ காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கணும். கண்ணு போன மனுசன் போத்திக்கிட்டுப் படுக்கல. நடந்தாரு. பாடிக்கிட்டே நடந்தாரு, பாட்டுலயே சண்டையும் போட்டாரு. திருவெண்பாக்கம் போயி, சாமி, உள்ள இருக்கீரா இல்லையான்னு கேட்டாரு. யாரோ எவரோ கேட்ட மாதிரி, இருக்கோம், நீ போன்னு உள்ள இருந்து பதில் வந்துது. கண்ணு வரல. ஒரு ஊன்றுகோல் வந்துது. அவ்வளவுதான். அதனால அந்தச் சாமிக்குப் பேரே ஊன்றீஸ்வரரு. கண்ணைக் கேட்டா கம்பு குடுக்கீரான்னு வந்த கோவத்துல சுந்தரரு அதைத் தூக்கி வீச, நந்தி கொம்பு ஒடிஞ்சு போச்சுன்னு அந்தப் பக்கத்துல சொல்லுவாக. வீசுனாருன்னே வச்சாலும் பொறவு தடவி எடுத்திருக்கத்தான் செய்வாரு. கண்ணு தெரியாதவரு வேற எப்படி நடப்பாரு?

அந்தக் கோயிலுக்கும் ஒரு வெள்ளம் வந்துது. மெட்ராசுக்குத் தண்ணி வேணும்னு கொசத்தலை ஆத்துக்குக் குறுக்க பூண்டி நீர்த்தேக்கம் கட்டி, 1944-ல முடிச்சாங்க. பழைய கோயில் தண்ணிக்குள்ள போயிட்டு. சாமி எந்த ஜோசியனையும் பாக்கல, வேற எடத்துல கட்டுன கோயில்ல போயி உக்காந்துட்டாரு.

சுந்தரரு கம்பை ஊணிக்கிட்டுக் காஞ்சிபுரம் போனாரு. அங்க எடது கண்ணு கெடச்சுது. ஒத்தைக் கண்ணோட தெக்க நடந்தாரு. இதுக்கு நடுவுல ஒடம்புல தோல் வியாதி வேற. அது திருத்துருத்தியில, இப்போ குத்தாலம்னு சொல்லுத ஊர்ல, குளத்துல முங்கி எந்திரிச்சதும் போச்சு. கடைசியாத் திருவாரூர்லதான் வலது கண்ணு. சாமிக்கே கூட்டாளி மருமவனே, அவருக்கே தவணைதான். நீ ஒரு சனிக்கெழமை எள்ளு வெளக்குப் போட்டுட்டு, திங்கக்கெழமை பேங்கு பாஸ்புக்கைப் பாக்க.

அப்போ எனக்கு வந்த கம்பு எங்கன்னு கேக்கியா? நல்லாக் கேட்ட போ. வி.ஏ.ஓ. வாழைச் சேதம் கணக்கெடுக்க வந்த அன்னைக்கு நீ எங்க இருந்த? திருநள்ளாத்துல சனிக்குப் பரிகாரம் பண்ணிக்கிட்டு இருந்த. அது ஒரு கம்பு, போச்சு. ஒன் மச்சான், கன்னு நான் தாரேன், வெட்டுன பொறவு காசு குடுன்னு சொல்லிவிட்டான். அவன்கிட்டப் போயிக் கை நீட்டவான்னு மொறுக்குன. அது ரெண்டாவது கம்பு. இன்னும் அவன் தோட்டத்துலயே சாத்தி வச்சிருக்கான்.

கை நீட்டக் கூச்சமாக்கும்! குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டா நீ என்ன வேசம் கட்டுவ? ராசா வேசம், காளி வேசம். கிரீடத்தை வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயித் தருமம் எடுத்துத்தானே உண்டியல்ல போடுத? ராசாவா இருந்தாலும் தட்டு ஏந்தணும்னு அம்மன் வருசா வருசம் ஒனக்குப் பழக்கிக் குடுத்திருக்கா. தசராவுக்குத் தெருவெல்லாம் ஏந்துன கைக்கு மச்சான் வீட்டு வாசல்ல என்ன கௌரவம் வந்துட்டு? அவன் என்ன வெளி ஆளா, ஒன் தங்கச்சி புருசன்.

ஏரல் சேர்மன் சாமி கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு வருசம் தப்பாமப் போறியே, அவரு யாரு? பேருலயே இருக்கு. ஊருக்குச் சேர்மனா இருந்து ஊர்ச் சோலி பாத்தவரு. மனு எழுதுததும் ஆபீஸ் போறதும் சாமிக்கு ஆகாத காரியம்னு நெனச்சுக்கிட்டு இருக்க நீ. நம்ம பக்கத்துல அந்தச் சோலியப் பாத்தவருக்கே கோயில் இருக்கு.

கும்பிடாதன்னு சொல்லல. சுடலைகிட்ட எனக்கும் வாய்க்கா வரப்புச் சண்டையெல்லாம் உண்டு. ஒங்க அத்தை ஆஸ்பத்திரியில கெடந்த மாசம் நான் பேசுன பேச்சை வேற யாரும் கேட்டிருந்தா என்னைய அடிச்சிருப்பாக. அவன் கேட்டுக்கிட்டான். அதுக்குத்தான் அவன் எனக்கு வேணும். பேசித் தீத்துட்டு விடியக்காலம் பஸ் ஏறி டாக்டரைப் பாக்கப் போனேன். பேசாமப் போயிருந்தா அந்தப் பஸ்ஸுல ஏறியிருக்க முடியுமான்னு தெரியல. காலு ரெண்டும் அப்படி நடுங்கிக் கெடந்துது.

சரி, எந்திரி. காப்பி டம்ளரை அங்கனயே வைக்காத, அத்தை ஏசுவா, கழுவி வை. நேரா மச்சான் வீட்டுக்குப் போயி, கன்னு எப்போ தாரேன்னு வாயத் தொறந்து கேளு. நாளைக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல அடங்கல் வாங்கு, ஆதாரும் பாஸ்புக்கும் நகல் எடுத்துக்கோ, இந்தத் தடவையாவது காப்பீட்டுக்குப் பணத்தைக் கட்டு. கடைசித் தேதி தாண்டுனா எந்தக் கயிறு கட்டியிருந்தாலும் பேப்பரை வாங்கமாட்டாங்க. வெள்ளிக்கெழமை ராத்திரி சுடலைக்கு வெளக்குப் போட வா, ரெண்டு பேருமாச் சேந்து அவனை நாலு கேள்வி கேப்போம். வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா. பாக்கு எங்கிட்ட இருக்கு.